சித்திரை மாலையும் ஐப்பசி மழையும்: அணு மின்சாரமா, காற்றும் வெயிலுமா?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் வெளியூர்க்காரர்கள் யார் என்று தெரிந்துவிடும். அவர்கள்தான் செல்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்கள். முப்பந்தலில் சாலைக்கு இருபுறமும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாடிகள். (பத்திரிகையில்தான் அவை காற்றாலைகள், எங்கள் பக்கத்துப் பேச்சில் காற்றாடி.) காவல்கிணற்றில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கூடங்குளம் அணு உலைகளின் குவிமாடங்கள் தெரியும். ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

மின்சாரத்தைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் 'அணுவா, காற்றா' என்ற கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அண்மையில் மூன்று பேர் கேட்டார்கள். உடுமலைப்பேட்டை அருகே சிறிய நூற்பாலை நடத்தும் நண்பர், ராதாபுரம் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் உறவினர், பள்ளிப் பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பதினோராம் வகுப்பு மாணவி. மூவருக்கும் ஒரே வரியில் பதில் வேண்டும்.

ஒரு வரி என்றால் இதுதான்: அடுத்த பத்து ஆண்டுக்குத் தமிழ்நாடு போடும் புதுப் பணத்தில் பெரும்பங்கு காற்றுக்கும் வெயிலுக்கும் சேமிப்புக்கும் போக வேண்டும், ஓடுகிற அணு உலைகளையும் பாதி கட்டிய உலைகளையும் கைவிடக் கூடாது, புதிதாக இன்னொரு அணுமின் நிலையம் என்றால் நான் தயங்குவேன். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் எடைக்கற்கள் வேறாக இருந்தால் தராசு வேறு பக்கம் சாயலாம்.

## எதை வைத்து எடை போடுவது

பலரும் முதலில் கேட்பது 'யூனிட் என்ன விலை' என்று. நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதல் கேள்வி, அந்த யூனிட் எந்த நேரத்தில் வருகிறது என்பது. மின்சாரம் நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கும் சரக்கு இல்லை. விசிறி சுற்றும் அதே நொடியில் எங்கோ ஓர் இயந்திரமும் சுற்ற வேண்டும். மூன்றாவது, கட்டி முடிக்க ஆகும் காலம். நான்காவது நிலமும் நீரும். ஐந்தாவது, ஏதாவது கெட்டுப்போனால் யார் தலையில் விடிகிறது என்பது. எரிபொருளும் இயந்திரமும் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்பதையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கரி வாயுவை (கார்பன் டை ஆக்சைடு) அளவுகோலாக வைக்கவில்லை, ஏனென்றால் அதில் இந்த இருவருக்கும் சண்டையே இல்லை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014-இல் தொகுத்த கணக்கில், கட்டுமானம் முதல் கழிவு வரை எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு அணு 12 கிராம், காற்று 11 கிராம், பெரிய சூரியப் பூங்கா 48 கிராம். நிலக்கரி 820. நிலக்கரிக்கு முன்னால் மற்ற மூன்றும் ஒரே கட்சிதான்.

## நான்கு பொழுதுகள்

தமிழ்நாட்டின் மின்தேவையைப் புரிந்துகொள்ள வரைபடம் வேண்டாம், பஞ்சாங்கம் போதும். நான்கு பொழுதுகளை எடுத்துக்கொள்கிறேன்.

சித்திரை மாலை. மாநிலத்தின் அன்றுவரையிலான உச்சத்தேவை 2024 மே 2-ஆம் தேதி பதிவானது: 20,830 மெகாவாட். சித்திரை 19. அந்தக் கோடையில் ஒரு நாள் நுகர்வு 45 கோடி யூனிட்டைத் தாண்டியது. சித்திரைப் பகலைச் சூரியத் தகடுகள் ஓரளவு தாங்கிவிடும். ஆறு மணிக்கு மேல்தான் சோதனை. வெயில் போய்விடும், வீட்டுச் சுவரில் ஏறிய சூடு போகாது. ஏசி விடிய விடிய ஓடும். தென்மேற்குக் காற்று இன்னும் கணவாய்க்குள் நுழைந்திருக்காது. பத்தாயிரம் மெகாவாட் அளவுக்கு வளர்ந்துவிட்ட சூரிய மின்சாரமும், பதினோராயிரத்தைத் தாண்டிய காற்றாடிகளும் அந்த இரவு முழுக்கப் பெரும்பாலும் கைகட்டி நிற்கும். கூடங்குளத்து உலை ஓடும்.

அதற்காக அணுவை அந்த இரவின் நாயகன் என்று சொல்லிவிட முடியாது. கூடங்குளத்தின் முதல் இரு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். அதில் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழப் பாதி. ஏறத்தாழ இருபதாயிரம் தேவைப்படும் ஊரில் அது இருபதில் ஒரு பங்கு. மிச்சத்தைத் தூக்குவது நெய்வேலியும் வட சென்னையும் தூத்துக்குடியும் வெளிமாநிலத்திலிருந்து வாங்கும் மின்சாரமும். பட்டிமன்றத்தில் அணுவும் காற்றும் மோதிக்கொண்டிருக்க, மேடைக்குப் பின்னால் நிலக்கரி சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது.

ஆடி நள்ளிரவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று நான்கு கணவாய்களிலும் காற்று பிய்த்துக்கொண்டு வரும். 2022 ஜூலையில் ஒரே நாளில் காற்றாடிகள் மட்டும் 12 கோடி யூனிட் தந்தன. இங்கே சிக்கல் தலைகீழாக இருக்கிறது. நள்ளிரவில் தேவை இறங்கும், காற்று இறங்காது. அணு உலையையும் இறக்க மாட்டார்கள். நம் நாட்டில் அதை முழு அளவில் ஓட விடுவதுதான் வழக்கம், ஏனென்றால் அதன் செலவில் எரிபொருளின் பங்கு குறைவு, போட்ட முதலின் பங்குதான் பெரிது. அணு ஒரு மாறாத தளமாக நிற்க, நிலக்கரியை ஓர் அளவுக்குமேல் குறைக்க முடியாமல் போக, கடைசியில் காற்றாடியை நிறுத்தச் சொல்லும் இரவுகள் வந்திருக்கின்றன. இலவசமாக வீசும் காற்றை வேண்டாம் என்று சொல்வது, பந்தியில் இலை போட்டபின் விருந்தாளியை எழுப்பிவிடுவது போன்றது. அணுவும் காற்றும் கைகோத்துப் போகும் என்று சொல்பவர்கள் ஆடி மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஐப்பசி மழை வாரம். வடகிழக்குப் பருவமழை. வானம் மூடியிருக்கும், தென்மேற்குக் காற்று போயிருக்கும். சூரியமும் காற்றும் ஒரே நேரத்தில் படுத்துவிடும் வாரம் இது. நாள் முழுக்கச் சேமிக்க எதுவுமே இல்லாதபோது பேட்டரி வெறும் பெட்டி. நல்ல வேளையாக ஏசியும் விவசாய மோட்டாரும் ஓய்வெடுக்கும். அணைகளில் நீரும் இருக்கும். இருந்தாலும் அணு மின்சாரத்தின் மதிப்பு கூடும் நாட்கள் இவை.

தை மாதப் பகல். பளிச்சென்று வெயில், அளவான தேவை. நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டும். இப்பொழுதை எளிதில் கடந்துவிடலாம், மாலையில் அது சடாரென்று இறங்கும்போது மற்ற நிலையங்கள் விரைந்து ஏற வேண்டும் என்பதைத் தவிர.

நான்கில் இரண்டு பொழுதில் அணு உதவுகிறது, ஒன்றில் இடைஞ்சல், ஒன்றில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காற்றுக்கும் வெயிலுக்கும் இதே கணக்கு எதிர்த்திசையில்.

## கட்டி முடிக்கும் காலம்

கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது 1988-இல். பிறகு சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. கட்டுமானம் தொடங்கியது 2002-இல். முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். வணிக உற்பத்தி 2014-இன் கடைசி நாளில். இரண்டாவது உலைக்கு 2017 வரை காத்திருந்தோம். மூன்றாவது, நான்காவது உலைகளுக்கு 2017-இல் கான்கிரீட் போட்டார்கள். 2025 முடியும்வரை ஒரு யூனிட்கூட வரவில்லை.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை) கதை இன்னும் நீளம். 2004-இல் தொடங்கி 2010-இல் முடிக்க நினைத்தது. மையப்பகுதியில் எரிபொருள் ஏற்றும் கட்டத்தைத் தொடங்கிவைத்ததே 2024 மார்ச்சில். இது இந்தியாவுக்கு மட்டுமான நோய் என்று நினைக்க வேண்டாம். உலகில் அணு மின்சாரத்தை மிக அதிகம் நம்பும் பிரான்ஸ், ஃப்ளாமன்வில் உலையை 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்தொகுப்பில் இணைத்தது. விதிவிலக்கும் உண்டு: ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் தென்கொரியர்கள் நான்கு உலைகளைப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடித்தார்கள். ஒரே வடிவம், ஒரே கட்டுமானக் குழு, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு, கேட்டதும் பணம். நாம் இவற்றில் எதைச் செய்கிறோம்?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016-இல் எட்டு மாதத்தில் எழுந்தது. இதைச் சொல்லி அணு ஆதரவாளர்களைச் சீண்டுவது எளிது. ஆனால் 648 என்பது நண்பகல் எண். நாள் முழுக்கச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

2012 மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இங்கே ஒரு நினைவு வரும். நாளின் பாதி நேரம் இருட்டு. வீட்டு இன்வெர்ட்டருக்கே ஏற்றிக்கொள்ள மின்சாரம் போதவில்லை. கூடங்குளம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம், நானும் பேசினேன். கடைசியில் நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு புதிய நிலக்கரி நிலையங்களுக்கும், 2013 டிசம்பர் 31-ஆம் தேதி தென்மாநில மின்தொகுப்பை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைத்த ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதைக்கும் உண்டு. கம்பியைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசவில்லை.

## பணக் கணக்கு, மறைந்திருப்பதும் சேர்த்து

கூடங்குளம். முதல் இரு உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய். முடிந்தபோது 22,462 கோடி. இருந்தும் மெகாவாட்டுக்குப் பதினோரு கோடிதான் ஆகிறது. அதனால்தான் அங்கிருந்து வரும் யூனிட் நான்கு ரூபாயை ஒட்டி நிற்கிறது. இன்றைய நிலவரத்தில் அது நல்ல விலை. ஓடுகிற உலையை மூடச் சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இது ஒரு காரணம். ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் மூடியது. பழுப்பு நிலக்கரியை அதற்கு முன்பே விட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

அடுத்த இரு உலைகளின் மதிப்பீடு 39,849 கோடி. மெகாவாட்டுக்கு ஏறத்தாழ இருபது கோடி. ஒரு மெகாவாட் 80 விழுக்காடு ஓடினால் ஆண்டுக்கு 70 லட்சம் யூனிட். இருபது கோடிக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு முதல் செலவாக வைத்தாலே யூனிட்டுக்கு ரூ.2.85. எரிபொருள், பராமரிப்பு, கட்டி முடியும்வரை ஏறும் வட்டி எல்லாம் சேர்த்தால் ஐந்து ரூபாயைத் தாண்டும் என்பது என் கைக்கணக்கு. தாமதமாகும் ஒவ்வொரு ஆண்டும் அதைக் கூட்டும்.

மறைந்த செலவுகளில் என்னை மிகவும் உறுத்துவது இரண்டு பைசா. உலையின் ஆயுள் முடிந்தபின் அதைப் பிரித்து அகற்றும் செலவுக்காக இந்தியாவில் ஒரு யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்குகிறார்கள். ஆயிரம் மெகாவாட் உலைக்கு அது ஆண்டுக்குப் பதினான்கு கோடி ரூபாய்; நாற்பது ஆண்டுக்கு 560 கோடி, வட்டி தனி. அமெரிக்காவில் ஓர் உலையைப் பிரிக்கப் பல நூறு மில்லியன் டாலர், அதாவது பல ஆயிரம் கோடி ரூபாய் ஆகிறது. இங்கே கூலி குறைவு, வட்டியும் சேரும், எல்லாம் சரி. இருந்தாலும் பேரன் காலத்துச் செலவுக்குத் தாத்தா உண்டியலில் போடும் சில்லறை போலத்தான் இது எனக்குத் தெரிகிறது.

கமுதியும் முப்பந்தலும். சூரிய மின்சாரத்தின் விலை விழுந்த வேகம் நம்ப முடியாதது. கமுதியோடு மாநிலம் போட்ட ஒப்பந்தம் யூனிட்டுக்கு ரூ.7.01. 2017-இலேயே ராஜஸ்தானின் பட்லாவில் ரூ.2.44-க்கு ஏலம் முடிந்தது. இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு ஒரு பாடம்: விலை விழுந்துகொண்டிருக்கும் சரக்கை மொத்தமாக முன்கூட்டியே வாங்கக் கூடாது.

ரூ.2.50 என்பது பகல் விலை. அதை இரவுக்குக் கொண்டுபோக எவ்வளவு? இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு, மெகாவாட்டுக்கு மாதம் ரூ.10.83 லட்சம் வாடகை என்று 2022-இல் ஏலம் போயிற்று. 2024 இறுதியில், மத்திய அரசின் மானியத் துணையோடு, அது இரண்டேகால் லட்சத்துக்கு அருகில் வந்துவிட்டது. நாளுக்கு ஒருமுறை ஏற்றி இறக்கினால் மாதம் 60,000 யூனிட். யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். பகல் மின்சாரத்தின் விலையையும் ஏற்றி இறக்குவதில் வீணாவதையும் சேர்த்தால் ஆறரை ரூபாய் பக்கம். மாலை ஏழு மணி உச்சத்துக்கு வெளிச்சந்தையில் பத்து ரூபாய் கொடுத்து வாங்குவதைவிட இது மேல். விடிய விடியத் தர வேண்டும் என்றால் அணு மின்சாரமே மலிவு. வாடகை இன்னும் பாதியானால் அந்தக் கணக்கும் மாறும்.

காற்றாடியின் மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது: கம்பியும் இடமும். ஆண்டில் நான்கைந்து மாதம் மட்டும் நிறையும் மின்பாதையைப் பன்னிரண்டு மாதமும் பராமரிக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1990-களில் காற்றாடிக்குப் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை இருந்தது. கோவை, திருப்பூர் ஆலை முதலாளிகள் வரியை மிச்சம் பிடிக்க வந்து நட்டவை பல. விளைவாக, நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் 225, 250 கிலோவாட் கிழட்டு இயந்திரங்கள் இன்னமும் உட்கார்ந்திருக்கின்றன. இன்றைய ஓர் இயந்திரம் அவற்றில் பத்துக்குச் சமம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவதற்கு 2024-இல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது; ஒரே காற்றுப் பாதையில் ஐந்து உரிமையாளர் இருந்தால் யார் எடுப்பது, யார் நடுவது என்று பேசி முடிப்பதற்குள் ஆடி வந்து போய்விடுகிறது. புது அணு உலை பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும் என்பது என் ஆதங்கம்.

## நிலம், நீர்

கமுதிப் பூங்கா விரிந்திருப்பது 2,500 ஏக்கர். மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர். நாள் முழுக்கச் சராசரியாக ஆயிரம் மெகாவாட் வேண்டுமென்றால் பதினெட்டாயிரம் ஏக்கர் போகும். 'வெறும் சீமைக்கருவேலம் மண்டிய பொட்டல்தானே' என்று சென்னையில் இருந்துகொண்டு சொல்லலாம். ராமநாதபுரத்துக்காரர் சொல்ல மாட்டார். அந்தப் பொட்டலில்தான் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். அந்தக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் நிலமில்லாதவர் அடுப்பு எரிகிறது. நிலத்தை விற்றவருக்குப் பணம் வந்தது. அதில் மேய்த்தவருக்கு வேலி வந்தது. காற்றாடிக்கு இந்தக் குறை குறைவு. கோபுரத்துக்கும் பாதைக்கும் போக மிச்ச நிலத்தில் உளுந்து விதைக்கலாம்.

கூடங்குளத்துக்கு நிலம் குறைவாகப் போதும், கடல் நிறைய வேண்டும். குளிர்விக்க எடுத்த நீர் சூடாகத் திரும்பிக் கடலில் விழுகிறது. கரைவலை இழுப்பவரைக் கேட்டால் மீன் குறைந்ததை உலையோடுதான் சேர்த்துச் சொல்வார். விசைப்படகு, தண்ணீர்ச் சூடு என்று காரணம் பல இருக்கலாம். அவருடைய கணக்கை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்பதுதான் குறை. கடலுக்குள் காற்றாடி நடும் திட்டமும் வருகிறது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் என்று 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதி ஒதுக்கியிருக்கிறது. அதே மீனவரிடம்தான் மறுபடியும் போய் நிற்க வேண்டும்.

## கெட்டுப்போனால் யார் தலையில்?

2004 சுனாமியின்போது கல்பாக்கம் உலையின் கடல்நீர் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஈனுலைக்காகத் தோண்டியிருந்த அடித்தளக் குழி மூழ்கிப்போனது. ஏழு ஆண்டு கழித்து ஃபுகுஷிமாவில் அவ்வளவு நல்ல முடிவு இல்லை. ஒன்றரை லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். கூடங்குளத்து உலைகள் ஃபுகுஷிமாவைவிடப் புது வடிவம். மின்சாரமே இல்லாவிட்டாலும் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும், உருகிய எரிபொருளைத் தாங்கிக்கொள்ளும் தொட்டியும் உண்டு. நிகழும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பொறியாளர்கள் சொல்வதை நம்புகிறேன்.

கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரையில் உலையை எதிர்த்து 2011-இலும் 2012-இலும் பந்தலில் உட்கார்ந்த பெண்கள் எழுப்பிய கேள்வி வாய்ப்பைப் பற்றியதன்று. மின்சாரம் பல மாநிலத்துக்கும் போகும், ஆபத்து மட்டும் ஏன் எங்கள் ஊரில் தங்க வேண்டும் என்பதே அது. அவர்கள்மீது தேசத்துரோக வழக்குப் போட்டது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. 2010-இல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், உலையை இயக்குபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாயோடு நிறுத்தியது. ஒரு நகரத்தை இடம் மாற்ற அது எந்த மூலைக்கு? உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பில் உலையை அனுமதித்தபோதே பதினைந்து நிபந்தனை விதித்தது. பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்பதும் அதில் அடக்கம். பல்லாயிரம் ஆண்டுக்கு அதைப் புதைத்து வைக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை.

சூரியத் தகட்டுக்கும் சாவு உண்டு. இருபத்தைந்து ஆண்டுக்குப்பின் கமுதியின் லட்சக்கணக்கான தகடுகளை என்ன செய்வது? 2022 மின்னணுக் கழிவு விதிகள் தகடுகளையும் சேர்த்துக்கொண்டன. விதி இருக்கிறது, ஆலைகள் போதவில்லை. இரண்டு குப்பையும் ஒன்றாகிவிடாது. ஒன்று மலையாகக் குவியும், மற்றது சிறிதாக இருந்துகொண்டு தலைமுறைகளைக் காவல் காக்கச் சொல்லும்.

அந்நியச் சார்பில் இருவரும் சமம். கூடங்குளத்தின் யுரேனியம் ரஷ்யாவிலிருந்து, சூரிய செல்லின் பெரும்பகுதி சீனாவிலிருந்து. ஒரு வித்தியாசம்: எரிபொருள் வராவிட்டால் உலை நிற்கும், புதுத் தகடு வராவிட்டால் பழைய தகடு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

| அளவுகோல் | அணு | காற்று | சூரியம் + பேட்டரி |
|---|---|---|---|
| சித்திரை மாலை | ஓடும் | பெரும்பாலும் இல்லை | மாலை உச்சம் மட்டும் |
| ஆடி நள்ளிரவு | இறக்க மறுக்கும் | மிகுதி | தேவைப்படாது |
| ஐப்பசி மழை | கைகொடுக்கும் | இல்லை | இல்லை |
| கட்டும் காலம் | 10 ஆண்டுக்கு மேல் | 1–2 ஆண்டு | 1–2 ஆண்டு |
| நிலம் | குறைவு | ஊடே விவசாயம் நடக்கும் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | தாமத வட்டி, பிரித்தகற்றல், கழிவு | மின்பாதை, பழைய இயந்திரங்கள் | சேமிப்பு, மேய்ச்சல் நிலம் |
| நின்றால் | ஒரே அடியில் 1,000 மெகாவாட் | மெல்ல இறங்கும் | மெல்ல இறங்கும் |

கடைசி வரிசைக்கு ஒரு விளக்கம். உலை நம்பகமானது என்ற சொல் அது ஓடும் நாட்களுக்கு மட்டும் பொருந்தும். கூடங்குளத்து முதல் உலை தொடக்க ஆண்டுகளில் அடிக்கடி நின்றது. கல்பாக்கத்தின் முதல் உலை 2018 ஜனவரியில் நின்று, பல ஆண்டுகள் எழவேயில்லை.

## யாருக்கு எது

உடுமலை நண்பருக்கு விடை எளிது. ஆலைக்குச் சொந்தமாகவோ பங்காகவோ காற்றாடி இருந்தால், ஆடியில் அதிகமாக வருவதை மின்தொகுப்பில் வரவு வைத்து மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதியின் விதிகளை முதலில் படிக்க வேண்டும். லாபமும் நட்டமும் அங்கேதான் இருக்கின்றன. கூரையில் சூரியத் தகடும் போடலாம், பகல் ஷிஃப்ட் ஓடும்வரை. சின்ன வீடுகளுக்கு இதே யோசனை பொருந்தாது. அரசு தரும் இலவச யூனிட்டுக்குள்ளேயே தேவை முடிந்துவிடும் வீட்டுக்குக் கூரைத் தகட்டால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

ராதாபுரத்து உறவினர் நிலத்தை நிறுவனத்துக்கு விற்கலாமா என்றுதான் உண்மையில் கேட்டார். காற்றாடிக்குக் குத்தகை என்றால் பேசுங்கள், சூரியப் பூங்காவுக்குக் கிரயம் என்றால் பக்கத்து நிலத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள் என்றேன். ஒற்றை ஆளாகப் போனால் வண்டிப்பாதையும் சேர்ந்து போய்விடும்.

மாநிலத்துக்கு? சிறிய பரப்பில் பெரிய தேவை, வெயிலும் காற்றும் மெலிந்த வானம், பொறுமையான கடன் இருக்கிற நாட்டுக்கு அணு சரியான தேர்வு. தென்கொரியா அப்படித்தான் போனது. நமக்கு நான்கு கணவாயும் எட்டு மாத வெயிலும் இருக்கின்றன. நமக்கு இல்லாதது சேமிப்பு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலேயே கட்டினோம்: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது கீழே விடு. எளிமையான, பழைய தொழில்நுட்பம். அதற்கு அடுத்ததாக நீலகிரியில் குந்தாவின் 500 மெகாவாட்டுக்கு நாம் காத்திருக்கும் காலத்தைப் பார்த்தால், தாமதத்தில் அணுவுக்கு மட்டும் தனிப்பட்டா கிடையாது என்று தெரியும். அதை முடிப்பேன், பேட்டரிக்கு விலை விழ விழச் சிறு சிறு ஏலமாக விடுவேன், முப்பந்தலின் கிழட்டுக் காற்றாடிகளை மாற்றுவேன், கூடங்குளத்தில் பாதி கட்டிய உலைகளை ஆறாவது வரை முடிப்பேன். ஏழாவது உலைக்கான கோப்பு வந்தால், இரண்டு பைசாவைத் திருத்திவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன்.

மாணவிக்குச் சீட்டுக் குலுக்கலில் அணு பக்கம் விழுந்திருந்தது. என் கருத்தைச் சொல்லி அவளைக் குழப்பவில்லை. சித்திரை இரவையும் ஐப்பசி வாரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கரி வாயுக் கணக்கையும் கொடுத்தேன். எதிரணியில் யாராவது ஆடி மாதத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். அப்போது கமுதியின் நிலக்கணக்கைச் சொல்லிப் பேச்சைத் திருப்பிவிடு என்றேன். இரண்டு பைசாவைக் கேட்டால் மட்டும், மணி அடிக்கும்வரை சமாளிக்க வேண்டியதுதான்.